வெளிச்சம் பட்ட தகடுகள்

திருமலையில் ஒரு வீட்டு மச்சில் பத்து மாதம் இருந்த பெட்டி அது. உள்ளே ரசாயனம் பூசிய பன்னிரண்டு கண்ணாடித் தகடுகள். வானத்திலிருந்து வரும் துகள் ஓர் அணுவின் கருவை உடைத்தால் தகட்டில் தடம் பதியும். பிறகு தகட்டைக் கழுவி நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்க வேண்டும். கழுவும்வரை ஒரு பொட்டு வெளிச்சம் படக்கூடாது; பட்டால் எல்லாம் போச்சு. அதனால் பெட்டியைக் கறுப்புத் துணியில் சுற்றித் தைத்திருந்தேன். சென்னையில் என் ஆராய்ச்சிப் பட்டம் அந்தப் பெட்டியை நம்பித்தான் இருந்தது. அணுக்கரு ஆராய்ச்சிக்கு எங்கள் துறையில் வந்த பெண் நான் ஒருத்திதான். தவறினால் சிரிக்க எல்லோரும் தயாராக இருந்தார்கள்.

ஆந்திரா பிரிந்து, நகரிப் பக்கத்து எங்கள் ஊர்களெல்லாம் யாருக்கு என்ற சண்டை கொதித்துக்கொண்டிருந்த சமயம். எல்லைப் போராட்டத்தில் இரண்டு தடவை சிறைக்குப் போய்வந்த என் அண்ணன்தான் என்னையும் பெட்டியையும் திருப்பதியில் சென்னை பஸ் ஏற்றிவிட்டான்.

"எவன் கேட்டாலும் தமிழ்லயே பேசு பாப்பா. நாம தெலுங்குல பேசிக்கினு இருந்தா, இது அவங்க ஊருன்னு எழுதிக்கினு பூடுவானுங்க."

எனக்கும் ரோஷம்தான். தலையாட்டினேன்.

புத்தூர் தாண்டி பஸ்ஸை நிறுத்தினார்கள். எல்லைப் போராட்டக்காரர்கள் மறுநாள் கறுப்புக்கொடி காட்டப் போகிறார்கள் என்று சோதனை. வயதான போலீஸ்காரர் ஒருவர், கடப்பைப் பக்கத்துப் பேச்சு, என் மடியிலிருந்த பெட்டியைப் பார்த்தார்.

"ஏமம்மா, ஈ நல்ல குட்ட எந்துக்கு?" கறுப்புத் துணி எதற்கென்று கேட்டார்.

"ஆராய்ச்சிப் பெட்டிங்க. வெளிச்சம் படக்கூடாது. பிரிக்காதீங்க," என்றேன் தமிழில்.

அவருக்குப் புரியவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. தெலுங்குப் பிள்ளைகளோடு படித்து வளர்ந்தவள் நான். தெலுங்கில் சண்டையே போடுவேன். ஆனாலும் அதையே இன்னும் சத்தமாக இன்னொரு முறை தமிழில் சொன்னேன். என்ன திமிர் எனக்கு!

அவர் பெட்டியோடு வெயிலில் இறங்கித் தையலைப் பிரித்தார். மூடி திறந்த பிறகுதான் என் வாயில் தெலுங்கு வந்தது. ஒரு தகட்டைச் சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தவர் திகைத்துத் திரும்பினார்.

"முந்தே செப்பொச்சு கதம்மா," என்றார். முன்பே சொல்லியிருக்கலாமே என்று. அவர் குரலில் நிஜமான வருத்தம் இருந்தது. அவரைத் திட்டக்கூட எனக்கு வழியில்லை.

சென்னையில் பன்னிரண்டையும் கழுவினேன். பன்னிரண்டும் கறுப்பு. கலவர நேரத்தில் பெண்பிள்ளையை அலையவிட முடியாது என்று சொல்லி, பேராசிரியர் அடுத்த பெட்டியை என்னோடு படித்தவனிடம் கொடுத்தார். அவன் கண்டது அவன் பெயரில் அச்சானது. அதன்பின் முப்பது வருடம் அணு ஆராய்ச்சியில் இருந்தேன். பெரும்பாலும் மற்றவர்கள் கண்டதைச் சரிபார்த்தேன். எங்கள் ஊரும் கடைசியில் ஆந்திராவிலேயே நின்றுவிட்டது.

தகடுகள் கெட்ட அந்த வாரமே ஊருக்குப் போய், அழுதுகொண்டே அண்ணனிடம் நடந்ததைச் சொன்னேன். தகடுகளைப் பற்றி அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உள்ளே இருந்த அப்பாவைப் பார்த்துக் கத்தினான்.

"நைனா, கேட்டியா? போலீஸ்காரனாண்ட பாப்பா ரெண்டு வாட்டியும் தமிழ்லயே பேசிக்கீது!"

நைனா எழுந்து வந்து என் முதுகில் தட்டிக்கொடுத்தார். நான் படித்ததற்காக அவர் ஒருநாளும் அப்படித் தட்டியதில்லை.