எஞ்சினில் ஒட்டிக்கொண்ட வளையம்

கார் ஆயில் மாற்றுகிறவனின் முகத்தை வாடிக்கையாளர் பார்ப்பதில்லை. காருக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கால்களோடுதான் அவர் பேசுகிறார். விம்கோ நகரில் நான் ஃபிட்டராக இருந்த தொழிற்சாலை மூடிய பிறகு, ஐந்து வருடமாக இந்தக் கால்கள்தான் எனக்காகப் பதில் சொல்லி வருகின்றன. வீடு தேடிப் போய் ஆயிலும் ஃபில்டரும் மாற்றுவேன். தொழிற்சாலையில் என்னோடு வேலை பார்த்த டில்லி ஸ்கூட்டர் ஓட்டுவான், டார்ச் பிடிப்பான், கேட்காமலே கருத்தும் சொல்வான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தைரியமாகத் தன் காருக்கு அடியில் புகுந்து, வெதுவெதுப்பான ஆயில் முழங்கை வழியாக அக்குள்வரை இறங்கும் சுகத்தை அனுபவித்தவர்கள் எல்லாரும் என் பங்காளிகள். மற்றவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். ஃபில்டரின் வாயில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். பழைய ஃபில்டரைக் கழற்றும்போது, சில சமயம் வளையம் மட்டும் எஞ்சினில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். கவனிக்காமல் புதியதை மாட்டினால் வளையத்தின்மேல் வளையம். வண்டி கொஞ்ச தூரம் சமர்த்தாக ஓடும். பிறகு ஆயில் ரோட்டுக்குப் போகும், எஞ்சின் இறுகிப்போகும். பேய், பாம்பு, மேனேஜர் எதற்கும் பயப்படாத நான் இந்த வளையத்துக்குப் பயப்படுவேன்.

முதல் பலி

முதலில் கை வைத்தது என் சொந்தக் காரில், என் வீட்டு வாசலில். ஃபில்டரைக் கையால் இறுக்கினால் போதும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. தொழிற்சாலையில் மூன்றடி ஸ்பானர் பிடித்த கை. அதே பலத்தோடு இறுக்கி வைத்திருந்தேன். ஆறு மாதம் கழித்துக் கழற்றப் போனால் அது அசையவில்லை. ஸ்க்ரூடிரைவரைக் குறுக்கே குத்தி நெம்பினேன். தகரம் கிழிந்தது. மறுபடி குத்தினேன், இன்னொரு பக்கம் கிழிந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் வாசல் முழுக்கக் கருப்பு ஆயில், நடுவில் நான்.

டில்லி குனிந்து பார்த்தான். "கயட்டச் சொன்னா இன்னா மாமு, பதினாறு எடத்துல குத்தி வச்சிகீற. போலீசு வந்தா நான் உன்ன பாத்ததே இல்ல."

தண்ணி லாரி

வியாசர்பாடி குடியிருப்பில், ரயில்வே ஊழியர் ஒருவரின் கார். மனிதர் கையில் போனை வைத்துக்கொண்டு, ஏதோ வெளிநாட்டு மெக்கானிக்கின் வீடியோவோடு என்னை ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். "அவரு கையில உறை போட்டிருக்காரு", "அவரு அடிக்கடி சிரிக்கிறாரு" என்றெல்லாம் என் கால்களிடம் புகார் சொன்னார். ஆயில் முழுவதும் வடிந்து, ஃபில்டரும் கையில் வந்த நேரத்தில் தண்ணி லாரி வந்தது. லாரி நிற்கும் இடத்தில்தான் கார் நின்றிருந்தது. நிமிடத்தில் நாற்பது குடங்கள் காரைச் சூழ்ந்தன.

வண்டியை எடுக்கச் சொன்னார்கள். ஆயில் இல்லாமல் எஞ்சினை ஓட்டினால் பழுதாகிவிடும் என்று, காருக்கு அடியில் இருந்தபடியே விளக்கினேன். தொழிற்சாலையில் பயிற்சி வகுப்பு எடுத்த குரலில் விளக்கினேன் என்பது இப்போது ஞாபகம் வந்து கூசுகிறது. இடுப்பில் குடத்தோடு ஒரு அம்மா குனிந்து, முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

"எங்க வூட்லகூட எண்ண தீந்து நாலு நாளாச்சு. நாங்க ஓடிகினு இல்ல? எய்ந்து வந்து தள்ளு நைனா."

போனவன் திரும்பி வருவது

வேலை முடிந்து கிளம்பினால் பாதி வழியில் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். வளையம் வந்ததா? பார்த்தேனா, பார்த்ததாக நினைத்தேனா? டில்லியிடம் வண்டியைத் திருப்பச் சொல்வேன். திருவொற்றியூரில் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் வீட்டுக்கு ஒரே நாளில் மூன்று முறை திரும்பிப் போனேன். மூன்றாவது முறை அவர் கதவைத் திறக்கவில்லை, ஜன்னலைத்தான் திறந்தார்.

"காருக்கு ஒண்ணும் இல்லப்பா. நீதான் யார்கிட்டயாவது காட்டிக்கணும்."

நெட்டுக்குப்பம்

அந்த அவமானத்துக்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். கழற்றிய ஃபில்டரை வாடிக்கையாளர் முன்னால் வைத்து, வளையத்தை விரலால் தடவிக் காட்டிவிட்டுத்தான் புதியதைத் தொடுவேன். ஒன்றரை வருடம் நிம்மதியாகப் போயிற்று. அப்புறம் நெட்டுக்குப்பத்து அஞ்சலையக்காவின் வேன் வந்தது.

கழிமுகத்து இறாலை ஐஸ் பெட்டியில் ஏற்றி, தானே ஓட்டிக்கொண்டு காசிமேட்டுக்குப் போய் விற்பவர் அவர். அந்த எஞ்சின் நின்றால் அவர் வீட்டு உலை நிற்கும். குப்பத்தில் பழைய ஆயிலுக்குக் கிராக்கி அதிகம். நங்கூரச் சங்கிலி துருப்பிடிக்காமல் இருக்கப் பூசுவார்கள். அன்று அக்காவின் கொழுந்தனார்கள் இருவர் ஆளுக்கொரு கேனோடு வந்து, ஆயில் யாருக்கு என்று சண்டை போட்டார்கள். கழற்றிய ஃபில்டரையும் ஒருவர் பிடுங்கி, கடைசிச் சொட்டுக்காகத் தன் கேனில் கவிழ்த்துவிட்டார். டில்லி பஞ்சாயத்து பண்ணினான். நானும் சேர்ந்துகொண்டேன். வேலையை முடித்து எஞ்சினை ஓட விட்டுப் பார்த்தேன், ஒழுகவில்லை. அக்கா இறாலோடு கிளம்பிவிட்டார்.

ஒரு டீ குடித்த பிறகு கொழுந்தனார் காலி ஃபில்டரைக் கொண்டுவந்து கொடுத்தார். பழக்கத்தில் விரல் தானாக அதன் வாயைத் தடவியது. வெறும் தகரம்.

போன் போட்டேன். வண்டி ஓட்டும்போது அக்கா போன் எடுக்க மாட்டார் என்றார்கள். ஸ்கூட்டரில் துரத்தினோம். இரண்டு கிலோமீட்டரில் ரோட்டில் கருப்புப் பொட்டுகள் தெரிய ஆரம்பித்தன, போகப்போகப் பெரிதாயின. டில்லி ஸ்கூட்டரை முறுக்கினான். இந்த எஞ்சின் போனால் கருவிப் பையைக் கடலில் போட்டுவிடுவது என்று முடிவு செய்துகொண்டேன். ஊரில் பாதிப் பேர் நாள்தோறும் திட்டுகிற கன்டெய்னர் லாரி வரிசைதான் அன்று என்னைக் காப்பாற்றியது. வழி அடைத்துக் கிடக்க, அக்கா எஞ்சினை அணைத்துவிட்டு, இறங்கி நின்று ஒரு லாரி டிரைவரின் வம்சாவளியை விசாரித்துக்கொண்டிருந்தார்.

அளவுக்கம்பியை இழுத்துப் பார்த்தேன். அடிக்கோட்டில் கொஞ்சம் ஆயில் இருந்தது. லாரிகளுக்கு நடுவே படுத்து, சுடுகிற ஃபில்டரைத் துண்டு சுற்றிக் கழற்றினேன். பழைய வளையம் எஞ்சினில் அட்டை மாதிரி ஒட்டியிருந்தது. பிய்த்தெடுத்து, அதே புது ஃபில்டரைக் கையால் இறுக்கி, பையில் மிச்சமிருந்த ஆயிலை ஊற்றினேன்.

வெளியே வரும்போது ஒரு பொய்யும் தயாராக இருந்தது: 'ஃபில்டர்ல கம்பெனிக் கோளாறுக்கா.' வளையம் உள்ளங்கையில் இருந்தது. மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. சொல்லக்கூடாது என்று டில்லி கண்ணைக் காட்டினான். கையைத் திறந்து காட்டிவிட்டேன். "என் தப்புக்கா. பாக்காம வுட்டுட்டேன். எஞ்சினே போயிருக்கும்."

அக்கா வளையத்தை எடுத்து, நண்டை விலை பேசும்போது பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதலில் நன்றாகத் திட்டினார். அதை இங்கே எழுத முடியாது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு சொன்னார்:

"வேற ஆளு வந்தா அவன் எங்க தப்பு பண்ணுவான்னு எனக்குத் தெரியாது. நீ எங்க பண்ணுவன்னு தெரிஞ்சி போச்சு. அடுத்த தபாவும் நீயே வா."

அடுத்த தபா

போனேன். அந்த வளையத்தை வேனின் கண்ணாடியில், எலுமிச்சை மிளகாய்க்குப் பக்கத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். கொழுந்தனார்கள் கேன்களோடு பத்தடி தள்ளி நிறுத்தப்பட்டிருந்தார்கள். நான் வேனுக்கு அடியில் புகுந்து ஃபில்டரைக் கழற்றியதும், அக்கா குனிந்து உள்ளே கையை நீட்டினார்.

"மொதல்ல வளையம். அப்பாலதான் டீ."

முப்பத்தைந்து வருட வேலையில் என்னிடம் மிச்சம் இருப்பவை ஒரு கருவிப் பையும் ஒரு சந்தேகமும். அவற்றில் இதுவரை ஒழுகாதது சந்தேகம்தான்.