அதிகம் பேசாதீர்கள் என்ற வியாழக்கிழமை

எண்பதுகளின் ஆரம்பம். அப்பாவுக்கு இடுப்பு மூட்டு மாற்றி ஏழு மாதம் ஆகியிருந்தது. மாதத்துக்கு ஒரு வியாழக்கிழமை, லேக் மார்க்கெட்டிலிருந்து டாக்ஸி பிடித்து அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவேன்.

அந்த சர்ஜன் ஒரு பிடிவாதக்காரர். தான் கத்தி வைத்தவர்களைத் தானேதான் பார்ப்பார், ஜூனியரிடம் விடமாட்டார். காலை முழுக்க ஆபரேஷன், மத்தியானம் இந்தக் கூட்டம். பழைய நோயாளிகள் கூடிக்கொண்டே போனார்கள், மனிதர் ஒருத்தர்தானே? கதவருகே நிற்கும் பியூன் உள்ளே போகிற ஒவ்வொருவரிடமும் "பேஷி கொதா போல்பேன் நா" என்பான். வங்காளியில், அதிகம் பேசாதீர்கள் என்று அர்த்தம்.

அப்பாவுக்கு அது வேதவாக்கு. மேலதிகாரியின் நேரத்தை வீணாக்காமலே கம்பெனியில் முப்பது வருஷம் ஓட்டியவர். "ஃபர்ஸ்ட் கிளாஸ், சார்" என்பார். டாக்டர் சீட்டில் ஒரு வரி எழுதுவார். அரை நிமிஷத்தில் வெளியே வந்துவிடுவோம்.

உள்ளே சீழ் பிடித்தால் வைத்த மூட்டையே எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் முதலிலேயே எச்சரித்திருந்தார். போன மாதமே அப்பாவின் வேட்டியில், தழும்பு படுகிற இடத்தில், மஞ்சளாய் ஒரு கறை பார்த்தேன். ஆனாலும் அன்று டாக்டர் நின்றபடியே கண்ணை மூடித் திறந்ததைப் பார்த்து, ஐயோ பாவம் என்று நானும் வாயைத் திறக்கவில்லை. எங்கள் மரியாதையில் இடி விழ!

இந்த மாதம் சாயங்காலமானால் காய்ச்சல். டாக்ஸியிலேயே சண்டை பிடித்தேன்.

"இன்னிக்காவது சொல்லுங்கோப்பா."

"சும்மா இரு. மனுஷன் காலைலேர்ந்து நிக்கறார். வேட்டில கறை பட்டா டாக்டர்கிட்டயா போவா, வண்ணான்கிட்ட போ."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார், அதில் கிண்டல் வேறு.

உள்ளே போனபோது கரண்ட் இல்லை. டாக்டர் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "ஃபர்ஸ்ட் கிளாஸ், சார்" என்றார் அப்பா. டாக்டரின் பேனா சீட்டில் இறங்கியது. பியூன் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டான்.

"அப்பா பொய் சொல்கிறார், டாக்டர். சீழ் வடிகிறது" என்று இங்கிலீஷில் கத்தியேவிட்டேன்.

டாக்டர் குனிந்து தழும்பைச் சுற்றி அமுக்கினார். அப்பா மேஜை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"எத்தனை நாளாக?"

அப்பா என்னைப் பார்த்தார். சொல்லாதே என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

"போன மாதம் வந்தபோதே இருந்தது" என்றேன்.

டாக்டர் சீட்டைப் புரட்டி, போன மாதம் தான் எழுதியிருந்த வரியைப் படித்தார். பிறகுதான் அன்று முதல் தடவையாக உட்கார்ந்தார். இப்போதே சேர்க்க வேண்டும், நாளை திறந்து பார்க்க வேண்டும், மூட்டு தங்குமா என்று சொல்ல முடியாது என்றார்.

"திரும்ப நடப்பாரா?" என்று கேட்டேன். அவர் அட்மிஷன் சீட்டை எழுத ஆரம்பித்தார்.

வராந்தாவில் ஸ்ட்ரெச்சரில் கிடத்தியதும் அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார். கை கொதித்தது.

"டாக்டர் மேல பரிதாபமெல்லாம் ஒண்ணுமில்லடி. எனக்குப் போன மாசமே தெரியும். மறுபடியும் அறுப்பாளேன்னு பயம். அதான் சொல்லலை."