எனக்கு மட்டும் கேட்ட சத்தம்

திண்டுக்கல் வட்டாரத்துத் திருவிழா மேடைகளில் இருபத்திரண்டு வருஷம் கிட்டார் வாசித்தவன் நான். எரியோடானாலும் வேடசந்தூரானாலும் எனக்கு இடம் ஒன்றுதான்: ஆளுயர ஸ்பீக்கருக்குப் பக்கத்தில். வாசித்ததெல்லாம் அடுத்தவன் பாட்டு. சாவதற்குள் என்னுடையது என்று ஒரே ஒரு சத்தமாவது வேண்டும் என்ற வெறியில்தான் கிட்டார் சிந்தசைசர் வாங்கினேன்.

கம்பிகளுக்கு அடியில் ஒரு சின்னப் பட்டையை ஒட்டி, அதன் வயரைத் தரையில் இருக்கும் பெட்டியில் செருக வேண்டும். கம்பியை மீட்டினால் பெட்டி அதைக் குழலாக்கும், மணியாக்கும், பேர் தெரியாத ஏதோ ஒன்றாக்கும். எனக்கு அந்தப் பேர் தெரியாததுதான் வேண்டும். நாகல் நகர் வீட்டு முன்னறையில் மத்தியானம் மத்தியானமாகக் குமிழ்களைத் திருகிக்கொண்டு கிடந்தேன். நான்கு மாதத்தில் அகப்பட்டது. ஆத்தூர் அணையில் காற்றடிக்கும்போது தண்ணீர் கரையை நக்குமே, அப்படி ஒரு சத்தம். அதன் ஓரத்தில் மட்டும் சன்னமாக ஒரு மினுக்கு. கேட்ட அன்று அழுதேவிட்டேன். இதில் வெட்கமென்ன.

என் மனைவிக்கு அது பிடிக்கவில்லை. காது கூசுகிறது என்று அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் விடுவேனா? அடுத்தவன் பாட்டுக்கெல்லாம் இனித்த காது, என் சொந்தச் சரக்கு என்றதும் கூசுகிறதாக்கும் என்று வாய்க்கு வந்தபடி பேசினேன். இரண்டு நாள் அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

எங்கள் கச்சேரிக் குழுவின் ஒத்திகைக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். பத்து நொடி வாசித்திருப்பேன். டிரம்ஸ்காரர் காதைப் பொத்தினார். என்னோடு சேர்ந்தே நரைத்த கீபோர்டுக்காரர் குனிந்து மேல் சுருதிக் குமிழை முக்கால்வாசி இறக்கி, இப்போது சரியாக இருக்கிறது என்றார். எனக்கோ யாரோ கம்பளிக்குள் முகம் புதைத்து முனகுவதுபோல் இருந்தது. மறுபடி ஏற்றினேன். மறுபடி பொத்தினார்கள். கீபோர்டுக்காரர் பெட்டியை அணைத்துவிட்டு என் தோளில் கை போட்டார்.

"அப்பு, ஒருக்கா காதக் காட்டிட்டு வந்துரு."

காது டாக்டரிடம் போனேன். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். எப்போது ஆரம்பிப்பார்கள் என்று காத்திருந்தேன். பாதி முடிந்துவிட்டது என்றார் பரிசோதித்த பெண். மேல் சுருதியெல்லாம் போய்விட்டதாம். இனித் திரும்பாதாம். மிச்சமும் மெல்ல மெல்லத் தேயுமாம். அந்தக் குறையை நிரப்பத்தான் குமிழை அவ்வளவு ஏற்றியிருக்கிறேன். எனக்கு மினுக்கு, ஊருக்கெல்லாம் ஊசி.

ஆக, நான் கண்டுபிடித்த சத்தம் என் கெட்டுப்போன காதுக்குள் மட்டும்தான் இருக்கிறது. அதை ஒருத்தருக்கும் கேட்கவைக்க முடியாது. எனக்கே இன்னும் எத்தனை நாளைக்கோ. நாசமாய்ப் போகட்டும் என்று பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளினேன்.

மனைவிதான் அதை இழுத்து வெளியே வைத்தாள். "நீங்க கேட்டது எப்படித்தான் இருந்துச்சு? வாசிங்க, நா இருக்கேன்" என்று எதிரே உட்கார்ந்தாள்.

வாசித்தேன். என் சத்தம் அப்படியே, அத்தனை அழகாக வந்தது. அவள் இரண்டு கையாலும் நாற்காலியை இறுக்கிப் பிடித்திருந்தாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. நிறுத்தினேன்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

என் வாசிப்பைப் பற்றி அதுவரை அவள் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை.