பிப்ரவரியில் சிறகு விரித்த லூனாக்கள்

நியூ ஜெர்சி எடிசனில் எங்கள் மேல்வீட்டுக்கு 2003-ல் குடிவந்தவள் ராமாத்தாள். உடுமலைப்பேட்டைக்காரி. பட்டு வளர்ச்சித் துறையில் ஒன்பது வருடம் பார்த்த வேலையை ராஜினாமா செய்துவிட்டு, கணவன் சேனாபதியின் விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தவள். அந்த விசாவில் வேலைக்குப் போக முடியாது. "உனக்கென்ன, ராணி மாதிரி இரு" என்பான் சேனாபதி. ராணி மூன்று வேளையும் சமைத்தாள். அவனை எனக்குப் பிடிக்காது, இப்போதே சொல்லிவிடுகிறேன்.

மறு வருடம் ஆகஸ்டில் பார்க்கிங் சுவரில் ஒரு லூனா அந்துப்பூச்சி உட்கார்ந்திருந்தது. வெளிர்பச்சை, உள்ளங்கை அகலம், பின்சிறகில் நீண்ட வால். இந்தப் பக்கத்துக் காடுகளில் வால்நட் இலை தின்று வளர்கிற ஜாதி. சிறகு முளைத்தபின் தின்பதற்கு வாயே கிடையாது. ஒரு வாரம் இருந்து, ஜோடி சேர்ந்து, முட்டையிட்டுச் செத்துப்போகும். ராமாத்தாள் அதைக் காகிதப் பையில் பிடித்து வைத்தாள். அது இட்ட முட்டைகளிலிருந்து வந்த புழுக்களை வால்நட் இலை போட்டு வளர்த்து, நாற்பத்திரண்டு கூடுகள் தேற்றி, ஒரு பெட்டியில் அடுக்கி பால்கனியில் வைத்தாள்.

பக்கத்துப் பல்கலைக்கழகத்துப் பூச்சியியல் பேராசிரியர் கேள்விப்பட்டு வந்து பார்த்து அசந்துபோனார். "மே மாதம் இவை உயிரோடு வெளிவரட்டும். என் ஆய்வகத்தில் உனக்கு இடம் உண்டு, விசாவையும் நாங்களே மாற்றித் தருவோம். பெட்டி மட்டும் வெளியிலேயே இருக்கட்டும்" என்றார். ராமாத்தாள் வாய்விட்டுச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஜனவரியில் பனி முழங்கால் உயரத்துக்குக் கொட்டியது. ஊரில் மார்கழிக் குளிருக்கே புழு வளர்ப்பு அறைக்குள் கரியடுப்பு வைத்துப் பழகியவள் அவள். பயந்துகொண்டு என்னிடம் ஓடிவந்தாள்.

"ஷ்யாமளாக்கா, பெட்டியே ஐஸா கெடக்குதுங்க. உள்ள எல்லாஞ் செத்துருமாட்ட இருக்குது."

"உள்ள எடுத்து வச்சிடேன், பாவம்" என்று சொன்ன மகராசி நான்தான்.

ஹீட்டர் பக்கத்தில் வைத்தாள். பிப்ரவரி இரண்டாம் வாரம் கூடுகள் ஒவ்வொன்றாக உடைந்தன. ஹால் முழுக்கப் பச்சைச் சிறகுகள். அழகென்றால் அப்படியொரு அழகு. நான் ஜன்னல் பக்கம் திரும்பினேன். வெளியே எந்த மரத்திலும் ஓர் இலை இல்லை. பூச்சிகள் ஜோடி சேர்ந்தன, திரைச்சீலையில் முட்டையிட்டன, செத்தன. பத்து நாளில் புழுக்கள் பொரிந்தன. ராமாத்தாள் இந்தியன் ஸ்டோருக்குப் போய் பாலக், முருங்கைக்கீரை, வெந்தயக்கீரை என்று அள்ளிவந்து போட்டாள். ஒரு புழுகூட வாய் வைக்கவில்லை. மூன்று நாள் கீரைமேல் ஊர்ந்து ஊர்ந்து பட்டினியில் செத்தன.

பேராசிரியரிடம் போனில் எதையும் மறைக்காமல் சொன்னாள். "காட்டில் இவை சருகுக்குள் பனி மூடித்தான் கிடக்கும். குளிர் இருந்தால்தான் வசந்தம்வரை தூங்கும். அது ஒன்றைத்தானே உன்னிடம் கேட்டேன்?" என்றார். அந்த இடம் வேறொருத்திக்குப் போயிற்று.

"ஒம்பது வருஷம் சர்வீஸுன்னு பீத்திக்கிட்டயே, இதானா உன்ற எக்ஸ்பீரியன்ஸு?" என்று சேனாபதி சிரித்தான். அவனை அறையவேண்டும் போலிருந்தது. என்னை யார் அறைவது?

இரண்டு நாள் ராமாத்தாள் அடுப்புப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் அவன், "ரசமாச்சும் வைக்கிறயா?" என்றான்.

எழுந்து போய் வைத்தாள்.