ஜானவாசக் காரின் எஞ்சின்

நன்றாக ஓடக்கூடிய எட்டு சிலிண்டர் எஞ்சின் ஒன்றை நான் அறுக்கக் கொடுத்தேன். மாணவர்கள் உள்ளே பார்த்துப் படிப்பதற்காக என்று கல்லூரிக் கோப்பில் எழுதியிருக்கிறது. அதுவும் உண்மைதான், ஆனால் இரண்டாவது காரணம். ஒரு மனிதருக்கு அந்த எஞ்சின் வேண்டியிருந்தது; அவருக்கு அது கிடைக்கக் கூடாது என்பது முதல் காரணம்.

எஞ்சின் அப்பாவின் காருடையது. எழுபதுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவில் செய்த கார். இரண்டே கதவுகள், நீண்ட முன்பக்கம், மடக்கித் திறக்கும் துணிக்கூரை. ஊர் திரும்பிய வெளிநாட்டுக்காரர் ஒருவர் விட்டுப்போனதை, வேறு யாரும் கேட்காததால் அப்பா வாங்கினார். பழைய கார் சேகரிப்பவர்களுக்கு அது போதிய அளவு பழையதல்ல. மற்றவர்களுக்கு அதற்குப் பெட்ரோல் போட்டுக் கட்டாது. அப்பாவுக்கும் கட்டவில்லை. சென்னையில் பெரிய அமெரிக்கக் கார் வைத்திருந்த பலரும் செய்ததை அவரும் செய்தார்: ஈக்காட்டுத்தாங்கல் பட்டறை ஒன்றில் எட்டு சிலிண்டரை இறக்கிவிட்டு, ஒரு வேனின் டீசல் எஞ்சினை ஏற்றினார்.

மற்றவர்கள் இறக்கியதை எடைக்குப் போட்டார்கள். அப்பா அதை மயிலாப்பூர் வீட்டுக் கொல்லையில் மரச்சட்டத்தின் மேல் தார்ப்பாய் போட்டு வைத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் எண்ணெய் விட்டு, நீளமான ஸ்பேனரால் கையாலேயே ஒரு சுற்று சுற்றுவார். விட்டால் இறுகிவிடும். எஞ்சினின் வலப்பக்கம், முன்னால், தீப்பெட்டி அளவில் தட்டையான ஓர் இடம் உண்டு. காரின் சேசிஸ் எண்ணின் கடைசி இலக்கங்களை அதில் அடித்திருந்தார்கள். இந்த எஞ்சின் இந்தக் காருக்கே பிறந்தது என்பதற்கு அதுதான் சாட்சி என்று எனக்குப் பத்து வயதில் காட்டினார். வேறு பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்வதுபோல நான் அந்த எண்ணைச் சொல்வேன்.

கூரை மடங்கும் என்பதால், சுற்றுவட்டாரத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் ஜானவாசத்துக்கு எங்கள் கார்தான். மாப்பிள்ளை மாலையோடு பின்சீட்டில் உட்கார, முன்னால் நாதஸ்வரம் போக, அப்பா கிளச்சை விடாமல் நடைவேகத்தில் மாடவீதியைச் சுற்றிவருவார். இறங்கும்போது இடதுகால் நடுங்கும். அவருக்கு அதில் அலாதி சந்தோஷம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், நான் பிளஸ் டூ படித்தபோது, அடையாறு பக்கம் ஒரு மைதானத்தில் பழைய கார்களின் அணிவகுப்பு நடந்தது. அப்பா முதல்நாளே மெழுகு போட்டுத் துடைத்தார். நானும் கூடப் போனேன். வாசலில் கார்களைப் பார்த்து உள்ளே அனுப்பும் பொறுப்பில் ஒருவர் இருந்தார். வெள்ளைத் தொப்பி, கையில் அட்டை. கிளப்பில் பெரிய ஆள். வீட்டில் ஒன்பது கார் வைத்திருந்தார். எங்கள் பானெட்டைத் திறக்கச் சொன்னார். உள்ளே பார்த்துவிட்டு நண்பர்களைக் கைதட்டிக் கூப்பிட்டார். அப்பாவை ஸ்டார்ட் செய்யச் சொன்னார். டீசல் எஞ்சின் கடகடவென்று குலுங்கியது.

"மாமா, இது ஜானவாசத்துக்குப் போற வண்டி ஆச்சே. நாதஸ்வரக்காரங்களை எங்க விட்டுட்டு வந்தீங்க?" என்றார் தொப்பிக்காரர்.

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் அட்டையில் பெருக்கல் குறி போட்டு எங்களைத் திருப்பி அனுப்பினார். அப்பாவும் சிரித்தார். அவர் சிரித்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அவரை அல்ல, அவரை அப்படிச் சிரிக்க வைத்தவரை.

பழைய எஞ்சினைத் திரும்ப ஏற்றிவிட்டுத்தான் இனி காரை வெளியே எடுப்பேன் என்றார் அப்பா. எடுக்கவில்லை. நான் இயந்திரவியல் இறுதியாண்டில் இருந்தபோது மாரடைப்பில் போய்விட்டார். காரியங்கள் முடிந்து நான் பரீட்சை எழுத விடுதிக்குத் திரும்பிய வாரத்தில், வெள்ளைத் தொப்பிக்காரர் வீட்டுக்கு வந்திருக்கிறார். துக்கம் விசாரித்தாராம். வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிற இதை நான் எடுத்துப்போகிறேன், உங்களுக்குத் தொல்லை விட்டது என்றாராம். அம்மா சாவியைக் கொடுத்துவிட்டாள். கொல்லையில் இருந்ததையும் காட்டியிருக்கிறாள். அந்த இரும்பைப் பழைய சாமான்காரனுக்குப் போடுங்கள் என்று சிரித்துவிட்டுப் போயிருக்கிறார்.

"ஏம்மா கொடுத்தே?" என்று கேட்டேன்.

"தினம் காலையில அதைப் பாத்துண்டே கோலத்துக்குத் தண்ணி தெளிக்க என்னால முடியலைடி," என்றாள் அம்மா.

அவர் காரை சினிமா படப்பிடிப்புகளுக்கு வாடகைக்கு விட்டார். தி. நகரில் ஒரு சுவரொட்டியில் அதைப் பார்த்தேன். வில்லன் அதன் பானெட்டின் மேல் நின்றிருந்தான்.

நான் சத்தம் போடுகிறவள் அல்ல, பட்டியல் போடுகிறவள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் நான்கு வரிகள் எழுதினேன். ஞாயிறுதோறும் எண்ணெய். கிராங்க் ஒரு சுற்று. தார்ப்பாய் மாற்றுதல். நான்காவது வரியில் அவர் பெயர் மட்டும். அதற்கு எதிரே என்ன எழுதுவது என்று அப்போது தெரியவில்லை.

ஐந்து வருடம் ஆயிற்று. நான் ஒரு பாலிடெக்னிக்கில் விரிவுரையாளராகி, மோட்டார் வாகன ஆய்வகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிறு காலை அவர் மறுபடி வந்தார். தொப்பி இல்லை, தலை நரைத்திருந்தது. நான் வேறு யாரோ என்பதுபோல் "மேடம்" என்றார். மைதான வாசலில் அன்று அப்பாவின் பக்கத்தில் நின்ற பெண்ணை அவர் பார்த்திருக்கவே இல்லை.

"அமெரிக்காவுல இப்போ இந்த எழுபது செட் வண்டிக்குத்தான் மவுசு. அப்போ ஒருத்தனும் சீண்டலை, இப்போ தேடித்தேடி எடுக்கறான். அங்கேர்ந்து ஒருத்தர் வாங்க வர்றார். ஒரிஜினல் எஞ்சின், நம்பரோட இருக்கணுமாம். அது இருந்தா என் வண்டி இந்தியாவுலயே ஒண்ணே ஒண்ணு," என்றார்.

என் வண்டி என்றார். அம்மா காபி கொடுத்தாள். எடுத்துண்டு போகட்டுமே என்று கண்ணாலேயே என்னிடம் சொன்னாள். நான் இரண்டு வாரம் அவகாசம் கேட்டேன். வேறு யாருக்கும் விற்றுவிடாதீர்கள் என்றார். விற்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன், அதைக் காப்பாற்றவும் செய்தேன்.

மறுநாள் எங்கள் துறைத்தலைவரிடம் போனேன். ஆய்வகத்துக்கு உள்பாகம் தெரிய அறுத்த எட்டு சிலிண்டர் எஞ்சின் வேண்டுமென்று அவர் வருடாவருடம் கேட்டும் கிடைக்காமல் இருந்தது. நன்கொடைக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். டெம்போ வைத்து எஞ்சினை ஈக்காட்டுத்தாங்கலுக்கு, பல வருடங்களுக்கு முன் அதை இறக்கிய அதே மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் ஸ்பேனரை மாட்டிச் சுற்றிப் பார்த்தார். வழுக்கிக்கொண்டு சுற்றியது.

"இன்னா பாப்பா, எஞ்சினு புச்சு மாதிரி கீது. இத்தப் போயி அறுக்கச் சொல்றியே. உங்கப்பாரு இருந்தா ஒத்துப்பாரா?"

"ஒத்துக்க மாட்டார்," என்றேன்.

அவர் ஸ்பேனரைக் கழற்றினார். "யார் மேலயோ காண்டுல கீற," என்று சொல்லிவிட்டு மெஷினை ஓடவிட்டார்.

இடப்பக்கத்து நான்கு சிலிண்டர்களின் சுவர்களையும் திறக்கச் சொன்னேன். வலப்பக்கத்தில் இரண்டு. எந்த வெல்டராலும் திரும்ப மூட முடியாதபடி கோடு போட்டுக் கொடுத்தேன். அறுத்த விளிம்புகளுக்குச் சிவப்பும், தண்ணீர் போகும் வழிகளுக்குப் பச்சையும், எண்ணெய் வழிகளுக்கு மஞ்சளும் நானே பூசினேன். எண் இருந்த இடத்தை மட்டும் தொடாமல் விட்டு, இலக்கங்கள் பளிச்சென்று தெரியும்படி துடைத்தேன். வெள்ளைத் தொப்பிக்காரர் அதைப் படிக்க வேண்டும்.

பிறகு போன் செய்து, எஞ்சின் கல்லூரியில் இருக்கிறது, வரலாம் என்றேன். டெம்போவும் இரண்டு கிளப் நண்பர்களுமாக வந்தார். அந்த நேரத்தில் முப்பது மாணவர்கள் வகுப்பில் இருக்கும்படி நான் கால அட்டவணையை மாற்றி வைத்திருந்தேன். யாராவது சிரிக்க வேண்டும் என்று எதிர்பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை. அவர்களுக்கு அது பாடம்.

அவர் மெதுவாக அதைச் சுற்றிவந்தார். திறந்த சிலிண்டருக்குள் விரலை விட்டார். குனிந்து எண்ணைப் படித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். அவர் முகத்தைப் பார்க்கத்தான் ஐந்து வருடம் எண்ணெய் விட்டிருந்தேன் என்று அப்போது புரிந்தது. நான் அப்பாவின் பெயரைச் சொன்னேன். கார் எடுத்த வீடு என்பதற்குமேல் அவருக்கு அந்தப் பெயர் நினைவில்லை. மைதான வாசலைச் சொன்னேன். அதுவும் இல்லை. அவர் நடிக்கவில்லை. நிஜமாகவே நினைவில்லை.

இதை நான் எண்ணிப் பார்க்கவே இல்லை. என் பழி அவரிடம் போய்ச் சேர வழியில்லாமல் நடுவில் நின்றது.

நண்பர்கள் டெம்போவை அனுப்பப் போனதும் அவர் என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"அந்த நம்பர் இருக்கிற துண்டை மட்டும் வெட்டிக் குடுத்துடுங்கம்மா. உங்க பாடத்துக்கு அது தேவையில்லையே. யாருக்கும் தெரியாது."

எனக்குத் தெரியும், அதை என்ன செய்வார் என்று. வேறொரு எஞ்சினில் வைத்துப் பற்றவைத்து, மட்டமாகத் தேய்த்து, இதுவே பிறவி எஞ்சின் என்பார். வாங்க வருகிறவரின் ஆசைக்கு அந்தத் தீப்பெட்டி அளவு இரும்பே போதும். அவரது கார் முழுதாகிவிடும்.

பையன்களை எஞ்சினைச் சுற்றி நிற்கச் சொன்னேன். வார்ப்பிரும்பில் அரம் போடும்போது எண்ணெய் விடக்கூடாது, ஏன் என்று கேட்டேன். ஒருவன் சரியாகப் பதில் சொன்னான். பன்னிரண்டு அங்குல அரத்தை எடுத்து, அந்த எண்ணின் மேல் வைத்து, முன்னோக்கி அழுத்தினேன். சாம்பல் தூள் விழுந்தது. "மேடம், மேடம்," என்றார் அவர், இரண்டு முறை. பத்து வயதிலிருந்து எனக்கு மனப்பாடமாக இருந்த இலக்கங்கள் ஒவ்வொன்றாக மங்கின. கை வலித்தது, மாற்றிப் பிடித்துக்கொண்டேன். கடைசி இலக்கம் ஏழு. அது மட்டும் ஆழமாகப் பதிந்திருந்ததால் கூடுதல் நேரம் தேய்க்க வேண்டியிருந்தது. அதுவும் போகும்வரை அவர் அங்கேயே நின்றார்.