பகவதியம்மாளும் லண்டன் மட்டையும்

பகவதியம்மாளைப் பற்றி எங்கள் ஊரான கரமனையில் யாரைக் கேட்டாலும் முதலில் அவள் உலக்கையைப் பற்றித்தான் சொல்வார்கள். நாஞ்சில் நாட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். புருஷன் காய்ச்சலில் போன பிறகு வீடு வீடாக நெல் குத்தி மகனைப் படிக்க வைத்தாள். வாழைக்குலை திருட வந்த ஒருவனை அதே உலக்கையால் முழங்காலில் ஒன்று வைத்தாள். அவன் அதற்குப் பிறகு திருடவும் இல்லை, நேராக நடக்கவும் இல்லை. புருஷன்கூட ஒரே ஒரு தடவைதான் அவள்மேல் கை ஓங்கினாராம். எனக்கு அவளைப் பிடிக்கும். அவள் வாசலைத் தாண்டும்போது மட்டும் கொஞ்சம் வேகமாக நடப்பேன்.

மகன் தாணுலிங்கம் எங்கள் கிரிக்கெட் கிளப்பில் ஆடினான். நான் விக்கெட் கீப்பர். உறை போட்ட கையால் நான் விடுகிற பந்தை அவன் வெறுங்கையால் பிடிப்பான். மட்டைக்காரனின் மூச்சுக் கேட்கிற தூரத்தில் நிற்பான். அங்கே நிற்க வேறு யாருக்கும் தைரியம் கிடையாது. சர்வே இலாகாவில் அவனுக்கு வேலை உத்தரவாகியிருந்தது. அந்த மகிழ்ச்சியில் பகவதியம்மாள் தெருவில் இரண்டு பேரைப் பார்த்துச் சிரித்ததாகக்கூடக் கேள்வி.

1936ஆம் வருஷம் அது. அசல் லண்டன் மட்டை துரைமார் கையில்தான் பார்க்கலாம். எங்களுக்கு வாய்த்தது சியால்கோட் மட்டை. பஞ்சாபிலிருந்து இத்தனை தூரம் ரயிலில் வந்தும் மானமாக உழைக்கும். வில்லோ மரம், பிரம்புப் பிடி. பிடியின் அடியை ஆப்புப் போலச் சீவி, மட்டைக்குள் ஆழமாக இறக்கி ஒட்டியிருப்பார்கள். ஓங்கி அடித்தாலும் கை அதிராது. அப்படி இருக்கும்போதுதான் சாலைக் கடைத்தெருவில் கோலப்பபிள்ளை தன் கடை வாசலில் லண்டன் மட்டைகளைத் தொங்கவிட்டார். சியால்கோட் விலைக்கு லண்டன் சரக்கு என்றால் எங்கேயோ இடிக்கிறதே என்று ஒரு பயலுக்காவது தோன்றியதா? எனக்கும் தோன்றவில்லை. தங்க எழுத்தில் சீட்டு ஒட்டியிருந்தால் நம் ஆட்களுக்கு மூளை லீவு போட்டுவிடும்.

கிளப்புக்கு வாங்கிய அந்த லண்டன் மட்டையோடு ஆற்றங்கரை மைதானத்தில் எங்கள் ஆள் பஞ்சாபகேசன் ஆட நின்றான். பந்து போட்டவன் நாகேஸ்வரன். பார்க்க நோஞ்சான் ஐயர். ஆனால் அவன் பந்து ஆடுகளத்தில் விரித்த கயிற்றுப்பாயில் பட்டுச் சீறிக்கொண்டு வரும். பஞ்சாபகேசன் வீசினான். படீரென்று ஒரு சத்தம். அவன் கையில் பிடி மட்டும் இருந்தது. கழன்று பறந்த மட்டை தாணுலிங்கத்தின் இடது கண்ணில் போய் இறங்கியது. பந்தைப் பிடிக்க நீட்டிய கையோடு அவன் அப்படியே விழுந்தான். நான் அவன் முகத்தைத் திருப்பிப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. ஆஸ்பத்திரியில் அந்தக் கண்ணை எடுத்துவிட்டார்கள். சர்வே வேலையும் அதோடு போயிற்று.

கோலப்பபிள்ளை பகவதியம்மாளின் புருஷனுக்குச் சித்தப்பா மகன்; அவளை மைனி என்று கூப்பிடும் கொழுந்தன். முறைக்கு வந்து பார்த்துத் துக்கம் கேட்டுவிட்டுக் கடைக்குப் போனவர், போகிற வருகிறவர்களிடமெல்லாம் வேறு கதை சொன்னார். பஞ்சாபகேசன் மட்டையைக் கோணலாகப் பிடித்தானாம். அவ்வளவு கிட்டத்தில் போய் நின்ற பயலுக்குப் புத்தி இல்லையாம். லண்டன் மட்டையைக் குறை சொல்ல முடியாதாம். ஊரும் ஆமாம் போட்டது. போன கண் திரும்பாது என்று பகவதியம்மாளுக்குத் தெரியும். கண்ணையும் பறிகொடுத்துப் பழியையும் மகன் சுமக்க வேண்டுமா என்பதுதான் அவளைக் கொதிக்க வைத்தது. அந்த மட்டை எங்கே செய்தது என்பதைக் கோலப்பன் தன் வாயால், நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

உலக்கையோடு சாலைக் கடைத்தெருவுக்குப் போனாள். எங்கே செய்த மட்டை என்று கேட்டாள். சீட்டிலேயே எழுதியிருக்கிறதே என்று அவர் சிரித்தார். கண்ணாடி அலமாரி முதலில் போயிற்று. பிறகு மட்டைகள். பிடிக்க வந்த கடை ஆள் ஒருவனுக்கு மூக்கு உடைந்தது. தெருவே கூடிவிட்டது.

கோலப்பபிள்ளை கூட்டத்துக்கும் கேட்கும்படி சொன்னார். "மைனி, உலக்கையால இடிச்சா ராசா கொட்டாரமே இடிஞ்சு விழும். இது பந்து அடிக்கதுக்கு உள்ள மட்டையாக்கும். வெளையாடத் தெரிஞ்சவன் கையில ஒடையாது."

"ஒனக்கு வெளையாடத் தெரியும்லா?"

சின்ன வயசில் நாகர்கோவிலில் ஆடிக் கிழித்ததாக அவர் அளப்பது ஊரறிந்த கதை. இத்தனை வாடிக்கைக்காரர்கள் முன்னால் இல்லையென்று எப்படிச் சொல்வார்? ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்கு வரச் சொன்னாள். குவியலில் உடையாமல் கிடந்த மட்டை ஒன்றை உருவி எடுத்துக்கொண்டு நடந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கோலப்பபிள்ளை வேறொரு மட்டையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். பகவதியம்மாள் தன்னிடம் இருந்ததை நீட்டினாள். கனம் தோதுப்படாது என்று அவர் இழுத்தார். "எல்லாம் லண்டன்தானே, எதைப் பிடிச்சா என்ன?" என்றாள். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவர் வாங்கிக்கொண்டார். துணியில் சுற்றியிருந்ததை ஓரக்கண்ணால் பார்த்தார். அசல் எது, போலி எது என்று அவருக்கா தெரியாது?

பிறகு அவள் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. நேரே போய் மகன் நின்ற அதே இடத்தில் நின்றாள். வேண்டாம் என்று தடுத்த என்னைத் தோளால் இடித்துத் தள்ளினாள். கட்டுப் போட்ட கண்ணோடு மரத்தடியில் உட்கார்ந்திருந்த தாணுலிங்கம் எழுந்து நின்றான். நாகேஸ்வரன் என்னிடம் வந்து மெதுவாகப் போடட்டுமா என்று கேட்டான். அது அவள் காதில் விழுந்துவிட்டது. அன்றைக்குப் போட்டதுபோலவே போடவேண்டும் என்று உத்தரவு போட்டாள்.

"இப்பமும் சொல்லிப்போடு கோலப்பா. எங்க செஞ்சது?"

"லண்டன்ல."

முதல் பந்து அவர் விலாவில் விழுந்தது. நாயைப் போல ஊளையிட்டார். ஆனாலும் உண்மையைச் சொல்லவில்லை, வியாபாரி அல்லவா? இரண்டாவது பந்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு மட்டையை நீட்டினார். அதே சத்தம். கழன்ற மட்டை பகவதியம்மாளின் வாயில் அடித்தது. மல்லாந்து விழுந்தாள். நான் ஓடுவதற்குள் எழுந்துவிட்டாள். இரண்டு பற்களை ரத்தத்தோடு துப்பினாள். வாயைத் துடைக்காமல் அவர் முன்னால் போய் நின்றாள்.

"எங்க செஞ்சது?"

"எனக்க வீட்டுக்குப் பொறத்தால, மைனி. தக்கை மாதிரி முருக்கு மரம். ஆசாரியை வச்சுச் செஞ்சேன்."

எல்லோருக்கும் கேட்டது. அவள் விரும்பியது நடந்துவிட்டது, இனி வீட்டுக்குப் போவாள் என்று நினைத்தேன். அவர் கையில் மிச்சமிருந்த பிடியை வாங்கினாள். பிடி மட்டும் முதல்தரப் பிரம்பு. வாங்க வருகிறவன் பிடித்துப் பார்க்கிற இடத்தில் கோலப்பபிள்ளை கஞ்சத்தனம் செய்வாரா? அந்தப் பிரம்பால் அடித்தாள். தோளில், முதுகில், தலையை மறைத்த கைவிரல்களில் அடித்தாள். விரல் முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது. பிரம்பு வளைந்து வளைந்து நிமிர்ந்தது, முறியவில்லை.

தாணுலிங்கம் ஓடி வந்தான். "போதும்மா" என்று சொல்லி, ஓங்கிய பிரம்பைப் பிடிக்கக் கையை நீட்டினான். எத்தனை வேகமான பந்தையும் விடாத கை. அது பிரம்புக்கு ஒரு சாண் தள்ளி, வெறும் காற்றைப் பிடித்து மூடிக்கொண்டது. ஒற்றைக் கண்ணால் குறிபார்த்து அவன் மறுபடி நீட்டினான். மறுபடியும் தப்பியது.

பகவதியம்மாள் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு கோலப்பபிள்ளையின் பக்கம் திரும்பிப் பிரம்பை ஓங்கினாள். தடுக்கப் போயிருந்த நாங்கள் பின்னால் நகர்ந்துகொண்டோம்.