கைமடிப்பில் ஒரு கறை

திருவிருந்துத் திராட்சரசத்தைத் திருடிக் குடித்து வேலையிழந்த போதகர், இப்போது மச்சினனின் சலவைக் கடையில் துணி தேய்க்கிறார்.

ஒருநாள், அவர் முன்பு அணிந்த அதே வெள்ளை அங்கி சலவைக்கு வந்தது. இப்போது அதைப் போடுபவர் புதுப் போதகர். கைமடிப்பின் உள்பக்கம் புதிதாய்ச் சிவப்புக் கறை. சபை நடுவே குடிப்பவருக்கு வாய் துடைக்கத் துணி இருக்கும். ஒளிந்து குடிப்பவன்தான் அங்கியின் கைமடிப்பில் துடைப்பான். இவருக்கா தெரியாது?

'மாட்டினான்டா!' என்று மனசு துள்ளியது. ஊரெல்லாம் சொல்லிவிட நாக்கு துடித்தது.

மச்சினன் எட்டிப் பார்த்தான். "என்ன மாமா, இவரும் உங்க கட்சிதானா?"

"சேச்சே! இது என் காலத்துக் கறைப்பா. இன்னும் போகல."

அந்தப் பொய்யைச் சொன்ன அன்றுதான், நெடுநாளாக வராத ஜெபம் அவர் வாயில் வந்தது.